பின்னால் வந்த கடலும் ஒட்னி மிக்கல்சனும்

ஒட்னி மிக்கல்சன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன நாளில் நான் ஸ்டைன்வோக் ஊர் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தேன். மீன் ஆலையை அரைநாள் மூடியிருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் அங்கேதான். முன்மேசையில் தெற்கிலிருந்து வந்த விசாரணைக்காரர் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அவள் சொன்னவற்றைச் சுருக்கித் தட்டச்சுச் செய்த தாளை அவள் பக்கம் தள்ளி, மேலே பேனாவையும் வைத்தார்.

"வாசிச்சிட்டியோ?"

"வாசிச்சன். பொய்."

"எது பொய்?"

"நேரம் சரி. காத்து சரி. செத்த ஆக்களின்ர பேரும் சரி. மிச்சமெல்லாம் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுக்கானைத் திருப்பப் பிந்திப்போட்டன் எண்டு நீதானே சொன்னனி?"

"சுக்கான் தண்ணியைப் பிடிக்கேல்லை எண்டு சொன்னனான். பிந்தினதுக்கும் பிடிக்காததுக்கும் வித்தியாசம் தெரியாட்டி நீ என்னத்துக்கு இஞ்ச வந்தனி?"

அவள் எழுந்து, பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டு, நடுவழியால் நடந்து வெளியே போனாள். இரண்டாம் வரிசையில் இருந்த எட்வின் அவளைப் பார்க்கவில்லை. கவிழ்ந்த படகோடு செத்துப்போன தலைவன் டூர்லைஃப், எட்வினுடைய அண்ணன்.

ஒட்னிக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. பதினாறில் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். பத்தொன்பதில், சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேட்ட ஒரு படகில் ஏறி, மூன்றாம் நாளே சமையலை விட்டு வலையைப் பிடித்தாளாம். அந்தச் சமையலைச் சாப்பிட்ட ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான். மீதியைத் தூண்டில் கயிறு கொண்டுபோய்விட்டது. துணைத்தலைவருக்கான பரீட்சையில் அந்தக் கரையில் தேறிய முதல் பெண். கட்டியவன் ஒருவன் இருந்தான், கடலா நானா என்று கேட்டான், போய்விட்டான். மகள் ட்ரோம்சோவில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆலையில் பாரம்தூக்கி ஓட்டினேன். என் பெயர் குலசிங்கம். குலா என்று சொல்லுங்கள் என்றேன். அவர்கள் மொழியில் அது உருண்டை. ஒரு கிழமை முழுக்கச் சிரித்தார்கள். படகு கரையில் நிற்கும் நாட்களில் ஒட்னியும் ஆலைக்கு வருவாள். கோப்பி நேரத்தில் ஒருமுறை, எங்கள் ஊரான மயிலிட்டியில் பெண்கள் வள்ளத்தில் ஏறமாட்டார்கள் என்று சொன்னேன்.

"அப்ப உங்கட மீனெல்லாம் ஆம்பிளையளோ, உருண்டை?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவள் வேலை செய்த படகின் பெயர் ஹாவ்சூலா. இருபத்திரண்டு மீற்றர். அதே அச்சில் வார்த்தது போல இன்னொன்று இருந்தது, ஹாவ்தர்ன. அதற்கு எட்வின் தலைவன். இரண்டுக்கும் ஒரே முதலாளி. அவர் ஊரில் இருப்பவர் அல்ல. முந்திய இலையுதிர்காலத்தில் இரண்டையும் தெற்கே கொண்டுபோய், வேலை செய்யும் மேல்தட்டை மூடி இரும்புக் கூரை போட்டுக்கொண்டு வந்தார்கள். பனியும் அலையும் ஆட்கள் மேல் விழாது. கூரைக்கு மேலே வலை இழுக்கும் புது இயந்திரம். எல்லாருக்கும் சந்தோஷம். ஒட்னிக்கும்தான்.

ஜனவரியிலேயே அவள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறாள். படகு சாய்ந்தால் நிமிர நேரம் எடுத்தது. முன்பு சட்டென்று நிமிரும், ஆளைத் தூக்கி எறிவது போல. இப்போது மெதுவாக, சொகுசாக. டூர்லைஃப் அதைப் புகழ்ந்தான். "கிழவி இப்பதான் மரியாதையா நடக்கிறாள்" என்றான்.

மார்ச் ஒன்பதாம் திகதி, 1992. வடகிழக்குக் காற்று. முப்பது மணிநேரம் வலை இழுத்துவிட்டு, கொட் மீனோடு கரைக்குத் திரும்பினார்கள். நான்கு பேர். கடல் நேர் பின்னால் வந்தது. பின்னால் வரும் கடலை ஆட்கள் நல்ல கடல் என்று நினைப்பார்கள். முகத்தில் அடிக்காது, தள்ளிக்கொண்டு போகும். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நினைப்போம்.

பகல் இரண்டு மணிக்கு ஒட்னி சுக்கானில் நின்றாள். படகு ஒன்பதரை முடிச்சு, அதாவது மணிக்கு ஒன்பதரைக் கடல்மைல் வேகத்தில் ஓடியது. அலைகள் படகின் நீளத்துக்குத்தான் இருந்தன, ஆனால் செங்குத்து. அலையின் வேகம் படகைவிடக் கொஞ்சம்தான் கூட. அதனால் ஒவ்வோர் அலையும் படகுக்குக் கீழே வந்து, அவசரமில்லாமல், நின்று நின்று கடந்தது. அலையின் முகடு நடுவயிற்றுக்குக் கீழே வரும்போதெல்லாம் படகு ஒரு பக்கம் படுத்து, அப்படியே கிடந்து யோசித்து, முகடு போன பிறகுதான் எழுந்தது. அவள் விசையை இழுத்து வேகத்தை ஆறுக்குக் கொண்டுவந்தாள். அலைகள் சரசரவென்று கடந்துபோயின, படகும் ஒழுங்காக நிமிர்ந்தது.

டூர்லைஃப் மேலே வந்தான்.

"ஏன் குறைச்சனி?"

"முகட்டில படுத்துக் கிடக்குது. எழும்பப் பஞ்சிப்படுது, சோம்பேறி மாதிரி."

"உன்னைப் போலத்தான். இருட்ட முதல் உள்ள போகோணும். கூட்டு."

அவள் கூட்டினாள். அரைமணிநேரம் கழித்துத் திரும்பவும் குறைத்தாள். அவன் கீழேயிருந்து கத்தினான். திரும்பவும் கூட்டினாள்.

மூன்றே காலுக்கு ஓர் அலை வந்தது. மற்றவற்றைவிடப் பெரியது என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. பின்பக்கம் உயர்ந்தது, முன்பக்கமான அணியம் தண்ணீரில் குத்தியது, படகு அலையின் முகத்தில் சறுக்கி ஓடத் தொடங்கியது. அந்த ஓட்டத்தில் அணியம் இடப்பக்கம் திரும்பியது. அவள் சுக்கானை வலப்பக்கம் முழுக்கத் திருகினாள். கையில் ஒரு கனமும் தெரியவில்லை. படகு குறுக்கே போய், முகட்டின் மேல் ஏறி, வலப்பக்கம் சாய்ந்தது. அவள் அது எழும்பும் என்று காத்திருந்தாள். எழும்பவில்லை. கூரை மூடிய தட்டுக்குள் தண்ணீர் போனது. சுக்கான் அறையின் கதவு தலைக்கு மேலே இருந்தது. அதைத் திறந்துகொண்டு அவள் வெளியேறினாள். கொளுவியிருந்த மிதப்பு உடை கைக்கு அகப்பட்டது, பாதி போட்டாள். ஐம்பது நிமிடம் கழித்து வேறொரு படகு அவளைத் தூக்கியது. டூர்லைஃபும் மற்ற இருவரும் கீழே தங்கள் படுக்கைகளில் இருந்தார்கள், வெளியே வரவில்லை.

இவ்வளவையும் அவள் மண்டபத்தில் சொன்னாள். வேகத்தைக் குறைத்ததையும், டூர்லைஃப் கூட்டச் சொன்னதையும், தானே கூட்டியதையும், கூரையையும். தாளில் வந்தது ஒரு வரிதான்: சுக்கான் பிடித்தவர் திருப்பப் பிந்தினார்.

ஊர் அவளைத் தனியே விட்டது. கடையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். செத்தவன்மேல் பழியைப் போடுகிறாள் என்று எட்வின் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் நடந்தான். ஆலையின் கோப்பி அறையில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "பொம்பிளையின்ர கையில சுக்கானைக் குடுத்தால் இப்பிடித்தான்."

ஒட்னி வாயில் இருந்த அப்பத்தை விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

"கடலுக்கு என்ர பாவாடை தெரியுமோ? நீ சுக்கான் பிடிச்சிருந்தால் அது வெட்கப்பட்டு நிமிர்ந்திருக்குமோ?"

"நான் எண்டால் திருப்பியிருப்பன்."

"எதால? முகட்டில தண்ணியும் அலையோட சேந்து முன்னுக்கு ஓடுது. படகும் ஓடுது. ரெண்டும் ஒண்டா ஓடினால் சுக்கான் எதைப் பிடிக்கிறது? உன்ர கையப் பிடிக்குமோ?" அவள் மேசையில் இருந்த ரொட்டிக் கத்தியை எடுத்து, நடுவில் ஒரு விரலை மட்டும் கொடுத்துத் தாங்கினாள். "இது படகு. விரல் அலை. முன்னும் பின்னும் வெறும் காத்து. தண்ணியில அகலமாப் படுத்திருக்கேக்கதான் படகுக்குப் பலம். இப்ப அகலம் எங்க?" கத்தி ஒருபக்கம் உருண்டு விழுந்தது. "கூரை இல்லாட்டி இது தாங்கியிருக்கும். அந்த இரும்பைத் தலையில ஏத்தினது ஆர்? நானோ?"

அவள் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தாள்.

அவளுக்குத் தன் பெயரைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஹாவ்தர்ன அதே கூரையோடு துறைமுகத்தில் நின்றது. எட்வினும் நான்கு பேரும் ஏப்ரல் முதல் வியாழக்கிழமை புறப்படுவதாக இருந்தது. வானிலை அறிக்கை வடகிழக்குக் காற்று என்றது. அவள் முதலாளிக்கு எழுதினாள், கப்பல் அலுவலகத்துக்கு எழுதினாள். படகின் உறுதியைக் கணக்கிட்ட புத்தகம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஐஸ் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனேன். ஹாவ்தர்னவின் முன்கயிறு கட்டியிருந்த இரும்புக் குற்றியின் மேல், கயிற்றின் வளையத்தின் மீதே, ஒட்னி ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் கோப்பிக் குடுவை.

"எழும்பு" என்றான் எட்வின் படகிலிருந்து.

"மாட்டன்."

"அண்ணனைத் திண்டது காணாதோ? இப்ப என்ர வேலையையும் கெடுக்கப்போறியோ?"

"உன்னையும் திண்ணக் கூடாதெண்டுதான் இருக்கிறன்."

"நான் கயித்தை வெட்டிப்போட்டுப் போவன்."

"வெட்டு. பின்கயித்துக்கு ஓடிப்போய் இருப்பன். நீ எத்தினை கயிறு வைச்சிருக்கிறாய்?"

ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் போலீசைக் கூப்பிடு என்றான். போலீஸ்காரர் வருவதற்கு ஒன்றரை மணிநேரம் ஆகும், மலைப்பாதை பனியில் மூடியிருந்தால் வரவே மாட்டார். எட்வின் கரைக்குக் குதித்து அவளுக்கு நேரே வந்து நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"புத்தகத்தில எல்லாம் சரியா இருக்கு. நான் வாசிச்சனான்."

"அது கூரை போட முதல் அளந்தது. கூரை போட்டாப் பிறகு கடதாசியில கணக்குக் கூட்டினவங்கள், படகை அளக்கேல்லை. நாங்கள் அளப்பம். இப்பவே. ரெண்டு தொட்டி மீனும் ஒரு நூலும் காணும்."

"அளந்து?"

"தொட்டியைப் பக்கம் மாத்தேக்க நூல் பத்துச் சென்ரிமீற்றருக்குள்ள நகர்ந்து நிண்டால் நான் அந்தத் தாளில கையெழுத்துப் போடுறன். இந்த ஆக்கள் எல்லாரும் சாட்சி. பிறகு என்ர வாயால ஒரு சொல்லு வராது."

"வராதோ? உன்ர வாயாலயோ?" என்றான் எட்வின். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. "பத்தைத் தாண்டினால்?"

"நீ போகமாட்டாய்."

எட்வின் என்னைப் பார்த்துக் கையசைத்தான். "உருண்டை, தொட்டியைக் கொண்டா."

ஆலைத் தராசில் இரண்டு தொட்டிகளை நான் நிறுத்தேன். ஐந்நூறு கிலோ, ஐந்நூறு கிலோ, சரியாக வரும்வரை ஐஸ் அள்ளிப் போட்டோம். நான் ஒன்றொன்றாகத் துறைக்குக் கொண்டுபோக, அங்கிருந்த பெரிய பாரம்தூக்கியால் ஹாவ்தர்னவின் இடப்பக்கத்தில் இறக்கினோம். ஒட்னி மீன் அறைக்குள் இறங்கி, மேல்விட்டத்தில் நூலைக் கட்டி, இரண்டு மீற்றர் அளந்து, கீழே ஈயக்குண்டைத் தொங்கவிட்டாள். குண்டு ஆடாமல் நிற்க அதை ஒரு வாளி எண்ணெய்க்குள் விட்டாள். வாளியின் குறுக்கே ஒரு பலகை. நூல் பலகையைத் தொடும் இடத்தில் எட்வினையே பென்சிலால் கோடு போடச் சொன்னாள். படகு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்கு நூல் அந்தக் கோட்டைவிட்டு விலகும்.

"நீயே போடு. பிறகு நான் கள்ளக்கோடு போட்டன் எண்டு சொல்லக்கூடாது."

கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தினார்கள். படகில் இருந்த எல்லாரையும் கரைக்கு இறக்கினாள். "ஆரும் படகில சாயாதேங்கோ. கையையும் வைக்காதேங்கோ!" இரண்டு தொட்டிகளையும் தூக்கி வலப்பக்கத்தில் வைத்தோம். மூன்றரை மீற்றர் தூரம், அவ்வளவுதான். பத்துக்குள் நின்றால் அவள் அந்தப் பொய்யின் கீழ் பெயரை எழுதுவாள், சொன்னால் செய்கிறவள். நிற்காவிட்டால், ஐந்து பேர் ஏறி ஓடவிருந்த படகு அது.

படகு சாய்ந்தது. கரையில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. இரண்டு தொட்டி மீனுக்கு அப்படிச் சாயக்கூடாது.

ஒட்னியும் எட்வினும் மட்டும் கீழே போனார்கள். நான் மேல்திறப்பில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எட்வின் அளவுகோலைப் பலகையில் வைத்தான். எடுத்தான். திரும்பவும் வைத்தான்.

"எவ்வளவு?" என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இருபத்திமூண்டு."

"திரும்பச் செய்வமோ?"

"செய்வம்" என்றான். தொட்டிகளைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்தோம், திரும்ப வலப்பக்கம் வைத்தோம். இருபத்திமூன்றுக்கு மேலே ஒரு மயிரிழை.

எட்வின் மீன் அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தபடியே கேட்டான், "டூர்லைஃப் உண்மையா என்ன சொன்னவன்?"

"கூட்டச் சொன்னவன். நான் கூட்டினன். ரெண்டு தரமும் என்ர கையாலதான். அது என்ர பிழை, எட்வின். அதை எழுதினால் இண்டைக்கே கையெழுத்துப் போடுவன். அவனுக்கு இந்த இருபத்திமூண்டு தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாமத்தானே வெளிக்கிட்டனி?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தாள்.

மத்தியானம் சுக்கான் அறையில் தொலைபேசி அடித்தது. முதலாளி. எட்வின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பேசினான், எங்களுக்கும் கேட்கட்டும் என்று.

"ஏன் இன்னும் துறையில நிக்கிறாய்?"

"படகு சரியில்லை."

"ஆர் சொன்னது? அந்த மனிசியோ?"

"நூல் சொன்னது."

"விசர்க்கதை கதைக்காதை. வெளிக்கிடு. இல்லாட்டி வேற தலைவனைப் போடுவன்."

"போடு. முதல் நீ வந்து ஏறு. உன்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு எண்டால் நானே ஓட்டுறன்." தொலைபேசியை வைத்துவிட்டு நான்கு பேரையும் பார்த்தான். நான்கு பேரும் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கரையில் யாரோ கை தட்டினார்கள். ஒட்னி திரும்பி, "என்ன நாடகமே நடக்குது? அந்த மீன் பழுதாகுது, தூக்குங்கோ" என்று கத்தினாள். நான் தொட்டிகளை ஆலைக்குக் கொண்டுபோனேன்.

முதலாளி வேறு தலைவனைத் தேடினார். அந்தக் கரை முழுக்க ஒருவரும் வரவில்லை. இருபத்திமூன்று என்ற எண் அவரைவிட வேகமாக ஓடியிருந்தது. இரண்டு கிழமை கழித்து, கருவிகளோடு அலுவலகத்து ஆட்கள் வந்து முறைப்படி அளந்தார்கள். அவர்கள் நூலுக்குப் பதிலாக மெல்லிய கம்பி பாவித்தார்கள். விடை மாறவில்லை. கூரையை வெட்டி எடுத்து, இயந்திரத்தைக் கீழே இறக்கி, அடியில் இரும்புக் கட்டிகள் போடும்வரை ஹாவ்தர்ன நகரக் கூடாது என்று எழுதினார்கள். ஆலை மேலாளரோ, அனுமதி இல்லாமல் மீன்தொட்டி எடுத்ததற்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அந்த வசந்தத்தில் வேறு நான்கு படகுக்காரர் தங்கள் படகையும் அளந்து தரும்படி ஒட்னியிடம் வந்தார்கள். நான்குக்கும் தொட்டி கொண்டுபோனது நான்தான். அவற்றில் ஒன்றின் நூல் பதினெட்டில் நின்றது. அந்தத் தலைவன் அவளைக் கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு, மறுநாள் தானே கூரையைக் கழற்றத் தொடங்கினான்.

விசாரணைக்காரர் ஓகஸ்டில் திரும்பி வந்தார்கள். புதிய தாளில், அலைமுகட்டின் மேல் படகுக்கு நிமிரும் பலம் இருக்கவில்லை என்றும், சுக்கான் பிடித்தவர் அந்தக் கணத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றும் இருந்தது. ஒட்னி இரண்டு முறை வாசித்தாள்.

"வேகம் எங்க?"

"அது உனக்குப் பாதகமான விஷயம்," என்றார் நடுவில் இருந்தவர், இம்முறை தணிந்த குரலில். "விட்டுவிடலாம் எண்டு நினைச்சம்."

"ஆரைக் கேட்டு நினைச்சனீங்கள்? ஆறு முடிச்சில நிமிர்ந்தது, ஒன்பதரையில நிமிரேல்லை. அதை எழுதாட்டி அடுத்த படகில நிக்கிறவளுக்கு என்னெண்டு தெரியும்? எழுது. கூட்டினது ஒட்னி மிக்கல்சன் எண்டும் எழுது. கூட்டச் சொன்னது ஆர் எண்டும் எழுது."

அவர் எட்வினைப் பார்த்தார். எட்வின் இரண்டாம் வரிசையிலிருந்து, "எழுது" என்றான்.

எழுதினார்கள். மை காய முதலே அவள் கையெழுத்துப் போட்டாள்.

செப்டெம்பரில் எட்வின் அவளுடைய வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவளுடைய சமையலறைக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"கூரையை வெட்டி எடுத்தாச்சு. துணைத்தலைவன் இல்லாமக் கிடக்கு. திங்கள் வெளிக்கிடுறன்."

"நான் வாய்காட்டுவன்."

"தெரியும்."

"நான் சுக்கானில நிக்கேக்க விசையில நீ கை வைச்சால் விரலை முறிப்பன்."

"உன்னட்டையே ஒன்பதரைதான் கிடக்கு. மற்றவையின்ர விரலில ஏன் கண்?"

அவள் பாதிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, மழைக்குள், ஹாவ்தர்ன துறையை விட்டது. கயிற்றை அவிழ்த்து எறிந்தது நான். அவள் சுக்கான் அறையின் பக்கச் சன்னலைத் திறந்து, தன் வீட்டுக் குழாயை நான் இன்னும் பூட்டவில்லை என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு போனாள்.